சவரிமுத்து ஷிப்டில் பாதி காணோம்

ஆயிரம் கிலோ போட்டால் ஆயிரத்து முந்நூற்றெட்டு கிலோ வரவேண்டும் என்று ஒரு தாள் சொல்கிறது. அந்தத் தாளின் அடியில், ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில், என் கையெழுத்து இருக்கிறது. முப்பது வருஷம் கெமிஸ்டாக இருந்தவன் போட்ட கையெழுத்து. எம்.எஸ்ஸி. வேறு.

புதிதாக ஃபேக்டரி வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து அனுபவத்தைச் சொல்லுங்கள் சார் என்று கேட்கிறார்கள். நான் வாங்கிய ஷீல்டைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் இந்தத் தாளைப் பற்றித்தான் சொல்வது. ஷீல்டு கறுத்துவிட்டது. தாள் இன்னும் பளபளவென்று இருக்கிறது, நல்ல பேப்பர்.

1. வெள்ளையாகப் போய் வெள்ளையாக வருவது

திருவாண்டார்கோயில் பக்கம் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கில்ன் (சூளைதான்), ஒரு சல்லடை மெஷின், ஒரு லேப், ஒரு ஆபீஸ், அந்த ஆபீஸில் மட்டும் ஏ.சி. அவ்வளவுதான்.

அலுமினியம் ஹைட்ராக்சைடு மூட்டை மூட்டையாக வரும். அதற்கு எங்கள் இடத்தில் ஹைட்ரேட் என்று பெயர். அதைக் கில்னில் போட்டுச் சூடேற்றினால் சிதைந்து அலுமினாவும் தண்ணீரும் ஆகும். அலுமினா மூட்டைக்குப் போகும். தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும். உள்ளே போவதும் வெள்ளைப் பொடி, வெளியே வருவதும் வெள்ளைப் பொடி. பார்க்கிறவனுக்கு நாள் முழுக்க ஒரே பொடியை ஒரு மூட்டையிலிருந்து இன்னொரு மூட்டைக்கு மாற்றிக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும். என் மாமனாருக்குக் கடைசிவரை அப்படித்தான் தெரிந்தது.

இதைச் சமன்பாடாக எழுதினால் 2Al(OH)₃ → Al₂O₃ + 3H₂O. முன்னால் நிற்கிற அந்த 2 எதற்கு என்று பத்தாம் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஹைட்ராக்சைடில் அலுமினியம் ஒன்றுதான். ஆக்சைடில் இரண்டு. ஒன்றிலிருந்து இரண்டு வராது. அதனால் இரண்டு ஹைட்ராக்சைடு எடுத்தால்தான் ஒரு ஆக்சைடு. எடையில் சொன்னால் நூற்றைம்பத்தாறு பங்கு போட்டால் நூற்றிரண்டு பங்கு அலுமினா, ஐம்பத்துநான்கு பங்கு தண்ணீர். ஆயிரம் கிலோவுக்கு அறுநூற்றைம்பத்துச் சொச்சம். பாக்கி ஆவி.

ஐ.எஸ்.ஓ. சர்டிஃபிகேட்டுக்கு ஆடிட்டர் வந்தபோது, நடக்கிற பிராசஸை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி மாட்டுங்கள் என்றார். ஒரு தகர போர்டை வெள்ளையடித்து, நீலப் பெயின்டில் இந்தச் சமன்பாட்டை நான்தான் எழுத வைத்தேன். பெயின்டர் எல்லா எண்ணையும் ஒரே உயரத்தில் எழுதினால் அழகாக இருக்கும் என்றார். அவரோடு அரை நாள் சண்டை போட்டு, கீழே எழுத வேண்டியதைக் கீழேயும் முன்னால் எழுத வேண்டியதை முன்னாலும் எழுத வைத்தேன். கில்ன் வாசலுக்கு மேலே மாட்டினோம். அந்தப் போர்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்குத் தீனி போட்டவர் சவரிமுத்து. முதல் ஷிப்ட் கில்ன் ஆபரேட்டர். வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரர். ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைக்கிற வேலையை அவர்தான் செய்வார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், எப்படிச் செய்யலாம் என்று யாரும் கேட்டதில்லை, ஷிப்டில் மூத்தவர் அவர். ஏணி போட்டு ஏறி, முதல் பொட்டை என் போர்டுக்குத்தான் வைப்பார். “ஃபார்முலாதான சார் தாய். அதுக்கு வச்சிட்டுதான் மத்ததுக்கு,” என்பார். நான் கீழே நின்று, இருக்கட்டும் இருக்கட்டும் என்று கூச்சப்படுவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2. வேல்யூ அடிஷன்

முதலாளிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, அவர் சென்னையில் மகள் வீட்டில் தங்கிவிட்டார். கம்பெனியைப் பார்த்துக்கொள்ள மகன் வந்தார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். அவர் நிர்வாகம் படித்தவர். சின்ன வயதில் லீவுக்கு வரும்போது லேப்பில் வந்து லிட்மஸ் தாள் கேட்பார். அந்தப் பழக்கத்தில் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மிஸ்டர் கலியபெருமாள்.

வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினார். டீ எத்தனை கிளாஸ், துடைக்கிற துணி எத்தனை, எல்லாம். ஒரு நாள் நான் பியூரெட்டில் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று கேட்டார்.

“அங்கிள், கில்ன் போர்டுல இருக்கிற ஈக்வேஷன் கரெக்ட்தானே?”

நான் பியூரெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் எழுத வச்சது தம்பி. கரெக்டாத்தான் இருக்கும்.”

நாலு நாள் கழித்துப் பன்னிரண்டு பக்கத்தில் ‘மாஸ் பேலன்ஸ்’ என்று ஒரு அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் கட்டமாக எண்கள், இரண்டு கலர். கடைசிப் பக்கத்தில் சரிபார்த்தவர் என்று கோடு போட்டிருந்தது. அன்று ஒரு கஸ்டமர் சாம்பிள் அவசரம். கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினேனா என்றால், புரட்டினேன். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது பிற்பாடு. இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்னவர் போர்டைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார். எழுபத்தெட்டு பங்கு ஹைட்ரேட் போட்டால் நூற்றிரண்டு பங்கு அலுமினா. எனவே ஆயிரம் கிலோவுக்கு ஆயிரத்து முந்நூற்றெட்டு. சல்லடை மெஷின்காரர் ஒருவர், போட்டதைவிடக் கூட எப்படி சார் வரும் என்று கேட்டாராம். அதற்குச் சின்னவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “அதுக்குப் பேர்தான் வேல்யூ அடிஷன்.”

3. கேரியரின் எடை

அறிக்கைப்படி ஆயிரத்து முந்நூற்றெட்டு வரவேண்டும். சவரிமுத்து ஷிப்டில் வந்தது அறுநூற்று நாற்பத்தெட்டு. இரண்டாவது ஷிப்டில் அறுநூற்று எழுபத்தைந்து. ஆக, கம்பெனியில் பாதி திருடு போகிறது, அதில் பெரிய திருடர் சவரிமுத்து.

இதில் இருக்கிற அநியாயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சவரிமுத்து கில்னை அவசரப்படுத்த மாட்டார். தண்ணீர் முழுக்கப் போகிறவரை விட்டு எடுப்பார். அதனால் எடை குறையும். இரண்டாவது ஷிப்ட்காரர் வேகமாகச் சுற்றவிட்டு அரைவேக்காடாக இறக்குவார். கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே தங்கும், எடை கூடும். ஒழுங்காக வேகவைத்தவர் திருடர் ஆனார். அரைவேக்காட்டுக்காரருக்கு அந்த மாதம் ‘சிறந்த ஷிப்ட்’ என்று சர்டிஃபிகேட் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

திருட்டு எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கக் கேட்டில் கேமரா வைத்தார்கள். செக்யூரிட்டிக்கு ஒரு தராசு வாங்கிக்கொடுத்து, சவரிமுத்துவின் மூன்றடுக்குச் சோத்துக் கேரியரை வரும்போதும் போகும்போதும் எடை போடச் சொன்னார்கள். வரும்போது கனமாகவும் போகும்போது லேசாகவும் இருந்தது. அதையும் எழுதி வைத்தார்கள். அறுநூற்று அறுபது கிலோவை ஒரு மனுஷன் தினம் எப்படிச் சோத்துக் கேரியரில் கொண்டுபோவார் என்று செக்யூரிட்டிக்கே சந்தேகம். ஆனால் அவர் புதிதாகச் சேர்ந்தவர், கேட்கவில்லை. அவர் தலைக்கு மேலே, பட்டப்பகலில், புகைபோக்கி வழியாக ஆயிரத்துக்கு முந்நூற்றைம்பது கிலோ தண்ணீர் வெள்ளை வெளேரென்று போய்க்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும்.

பிறகு விசாரணை. நான் அதில் இருந்தது ஒரு நிமிஷம். ஏ.சி. ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சின்னவர் உட்கார்ந்திருந்தார், சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார் சின்னவர். ஆமாம் என்றேன். சவரி ஷிப்டில் பாதி காணோம், சரி, நீங்கள் போகலாம் என்றார். சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன்.

எப்போதும் இவ்வளவுதான் வரும் என்று சவரிமுத்து சொன்னாராம். அதைச் சின்னவர் ‘பல வருடங்களாக நடந்துவருவதாக ஒப்புக்கொண்டார்’ என்று குறித்துக்கொண்டாராம். ஆனால் எழுத்தில் எந்த ஆர்டரும் கொடுக்கவில்லை. கூப்பிடும்போது வா என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூட்டை எடை லேப்புக்கு வராது, எங்களுக்கு வருவது ஒரு கிண்ணம் சாம்பிள். அதனால் பாதி காணோம் என்றதும், வரவேண்டிய அறுநூற்றைம்பதில் பாதி காணோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அது என் மூளைக்குச் சமாதானம். மனசுக்கு இல்லை. ஏனென்றால், அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, ஒருவேளை இருக்குமோ என்று நானும் யோசித்தேன். பதினெட்டு வருஷம் கூட வேலை செய்த ஆளை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

4. அரிசியும் தண்ணீரும்

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு நடந்திருந்தால் சின்னவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, நான் பேசி முடித்துவைக்கிறேன் என்று புத்திமதி சொல்லப் போனேன்.

அவர் மனைவி சேர் எடுத்துப் போட்டு, டீ வைக்க உள்ளே போய்விட்டார். சவரிமுத்து என் எதிரே நின்றுகொண்டே இருந்தார். உட்காரு சவரி என்றால் உட்காரவில்லை. நான் புத்திமதியை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

“தேர்க்கொட்டா சாவிய குடுத்துட்டேன் சார்.”

அவர்கள் ஊரில் மாதா தேர் நிற்கிற கொட்டகைக்கு ஒருவர் சாவி வைத்திருப்பார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடித் தேர்ந்தெடுப்பது. சம்பளம் கிடையாது. தேரையும் மாதாவின் நகைப் பெட்டியையும் நம்பி ஒப்படைக்கிற ஆள் என்று ஊர் அறிய ஒரு மரியாதை, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அது சவரிமுத்துவிடம் இருந்தது.

“கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல சார். கேட்டுட்டாங்கன்னா அப்பறம் இன்னா மூஞ்சி வச்சிக்கினு நிக்கிறது? நானே போயி வச்சிட்டு வந்துட்டேன். கொடியேத்தம் அடுத்த மாசம். வேற ஆளு பாத்துக்குவாங்க.”

கொண்டுபோன புத்திமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை போட்டிருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். நீங்க படிச்சவரு. ஆயிரம் கிலோ போட்டா ஆயிரத்தி முந்நூறு எப்டி சார் வரும்? எங்க வூட்ல அரிசி போட்டா சோறு கூட வருது, சரி, தண்ணி ஊத்தறோம். இங்க தண்ணியதான சார் தொரத்தறோம்?”

எந்த ஆயிரத்து முந்நூறு என்று கேட்டேன். நீங்க கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதே சார் என்றார்.

ஆயிரத்து முந்நூற்றெட்டு. அறுநூற்றைம்பத்துநான்கு, இரண்டு தடவை. ஒரு செருப்பை மாட்டியபடி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வாசலில் நின்று கணக்குப் போட்டேன். எங்கோ ஒரு 2 விழுந்துபோயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. என் போர்டில் விழுந்திருக்காது, அதை நான் பெயின்டரோடு சண்டை போட்டு எழுத வைத்தவன்.

5. ஏணி

மறுநாள் காலை கில்ன் வாசலில் நின்று போர்டைப் பார்த்தேன். Al(OH)₃ → Al₂O₃ + 3H₂O என்று இருந்தது.

தினமும் அதன் அடியில் நடந்து போகிறவன் நான். என் கண் அங்கே எப்போதும் ஒரு 2-ஐப் பார்த்தது. ஏனென்றால் அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. சின்னவருக்குத் தெரியாது, அதனால் அவர் இருப்பதைப் பார்த்தார். அந்த அளவில் அவர் என்னைவிட நேர்மையாகப் பார்த்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் இரண்டு இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஏணி போட்டு ஏறினேன். எல்லாவற்றுக்கும் முன்னால், சமன்பாடு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு திட்டு இருந்தது. தொட்டால் கல். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனத்தின் மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம். அதன் மேல் அலுமினாத் தூசி படிந்து படிந்து, போர்டோடு போர்டாக வெள்ளையாகிவிட்டது. நடுவில் இருந்த குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. சவரிமுத்து தன்னைக் காப்பாற்றுகிற எண்ணை, வருஷத்துக்கு ஒரு தடவை, பக்தியோடு தன் கையாலேயே மூடி வந்திருக்கிறார். நான் கீழே நின்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, ஸ்பேட்டுலாவால் சுரண்டினேன். அடியில் 2 இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, அது மட்டும் எழுதிய அன்று இருந்த நீலத்தில் இருந்தது.

சின்னவரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். என் தப்பு தம்பி, நீங்கள் கேட்டபோது நான் பார்க்காமல் சொன்னேன், பார்க்காமல் கையெழுத்தும் போட்டேன் என்றேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிராக்டிகலாகக் காட்டுங்கள் மிஸ்டர் கலியபெருமாள் என்றார். அவர் கண் முன்னால் நூறு கிராம் ஹைட்ரேட்டை எடை போட்டு, லேப்பில் இருக்கிற சின்ன மின்சார உலையில், மஃபிள் ஃபர்னஸில், வைத்தேன். அவரே கதவுக்கு எதிரே சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். எடுத்து ஆறவைத்து எடை போட்டால் அறுபத்தைந்தரை. ஃபர்னஸுக்குள் எட்டிப் பார்த்தார். என் சட்டைப் பையையும் ஒரு பார்வை பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“மீதி காத்துல போச்சுன்னா கேமராவுல ஏன் தெரியல?”

கேமரா கேட்டைப் பார்த்து இருக்கிறது, புகைபோக்கி பின்னால் இருக்கிறது என்று சொல்லி, வெளியே கூட்டிப்போய் மேலே காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “தினமுமா போகுது?” என்றார். நிறுத்த முடியாதா என்று அவர் கேட்காமல் விட்டதே என் அதிர்ஷ்டம்.

6. எழுத்தில் இல்லாதது

எக்செல்லில் ஒரு கட்டத்தில் 2 போட்டதும் எல்லாம் மாறிப்போனது. சவரிமுத்து ஷிப்ட் முதலிடத்துக்கு வந்தது. அரைவேக்காட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். சின்னவர் உடனே சவரிமுத்துவைக் கூப்பிடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று காரியம் செய்தார். போர்டுகளுக்குச் சந்தனம் வைக்கக் கூடாது என்று சர்க்குலர் விட்டார். சவரிமுத்து வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களை அவருடைய லீவில் கழித்தார். மூன்றாவதாக, ஒரு கடிதம் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு மறுத்துவிட்டார்.

சாவி விஷயத்தைச் சொல்லித்தான் கேட்டேன். வேலைக்குத் திரும்பிவிட்டாலும், ஊரில் பேரவைக்காரர்கள் ஒரு பேச்சு சொல்லியிருந்தார்கள். கம்பெனி ஒரு காகிதம் கொடுத்தால் போதும், சாவியைத் திரும்பக் கொடுத்துவிடுகிறோம், நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது பாருங்கள் என்று. நியாயமான பேச்சுதான்.

ஆபீஸில் எச்.ஆர். பார்க்கிற பெண் ஃபைலைத் திறந்து காட்டினார். அதில் சவரிமுத்துமேல் குற்றச்சாட்டே கிடையாது. வாயால் சொன்னதற்கு எழுத்தில் எப்படி சார் வாபஸ் கொடுக்கிறது, கொடுத்தால் நாம் குற்றம் சாட்டியதாக ஆகிவிடுமே என்றார். சின்னவரும் அதையே சொன்னார். சொல்லப்போனால் ஒன்றுமே நடக்கவில்லை அங்கிள் என்றார்.

அப்படியானால் எனக்காவது மெமோ கொடுங்கள், சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், அதை அவர் ஊரில் காட்டட்டும் என்று கேட்டேன். தானாக வந்து மெமோ கேட்கிறவர்களுக்கு ஃபார்மேட் இல்லை என்றார் அந்தப் பெண். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு மாதம் இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று சேர்த்துச் சொன்னார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் நானே எழுதினேன். கம்பெனி பேப்பர் இல்லை, கோடு போட்ட வெள்ளைத் தாள். என் பெயர், என் படிப்பு, என் வேலை. அறிக்கையில் இருந்த சமன்பாடு, சரியான சமன்பாடு, ஆயிரத்து முந்நூற்றெட்டு எப்படி வந்தது, தூசியாகப் பறப்பது போக அறுநூற்று நாற்பத்தெட்டு ஏன் சரி. சவரிமுத்து ஒரு பிடிப் பொடியும் எடுக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஒன்றரைப் பக்கம். மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

7. மூன்று ஓலை, ஒரு சமன்பாடு

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் கோயிலுக்கு எடுத்துப்போனேன். பேரவைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திட்டம். அவர் படித்துவிட்டு, புரியவில்லை என்று பங்குச்சாமியாரிடம் கொடுத்தார். சாமியார் இரண்டு தடவை படித்தார். அவர் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டுக் குருமடத்துக்குப் போனவராம். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“ஊரு பூரா பேசினத, தலைவருகிட்ட மட்டும் சொன்னா எப்படிங்க? எல்லாருக்கும் சொல்லிடுவோம்,” என்றார்.

பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். நான் பின்னால் கதவோரம் நின்றேன். முதலில் கல்யாண ஓலைகள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இரண்டாம் ஓலை, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். அப்படி மூன்று. அப்புறம் மறைக்கல்வி வகுப்பு நேரம். அப்புறம் சாமியார் என் கோடு போட்ட தாளைப் பிரித்தார்.

மைக்கில், ஓலை வாசித்த அதே குரலில் வாசித்தார். இரண்டு அலுமினியம் ஹைட்ராக்சைடு வெப்பத்தால் சிதைந்து ஓர் அலுமினியம் ஆக்சைடும் மூன்று நீரும் ஆகும். நூற்றைம்பத்தாறு பங்குக்கு நூற்றிரண்டு பங்கு. ஒரு குழந்தைகூட அழவில்லை. கோயிலில் அத்தனை பேரும், தங்களுக்குத் தடை ஏதும் தெரியுமா என்று யோசிக்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியார் ஒரு இடத்தில் நிறுத்தி, அதாவது தண்ணி ஆவியாப் போயிடுச்சு, யாரும் எடுத்துக்கிட்டுப் போகல என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு கடைசி வரிகளை வாசித்தார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், கலியபெருமாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், பைபிள் வாசகம் முடிந்தது என்று நினைத்து, வழக்கம்போல் “இறைவா உமக்கு நன்றி” என்றார். அவர் சொன்னதால் பக்கத்து வரிசையும் சொன்னது. கோயில் முழுக்கச் சொன்னது. சமன்பாட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. சவரிமுத்து ஆண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், தேர்க் கொட்டகை வாசலில் வைத்தே தலைவர் சாவி வளையத்தைச் சவரிமுத்து கையில் கொடுத்தார். அதற்கு ஒரு நோட்டு உண்டு. யாரிடமிருந்து யாருக்கு, என்ன தேதி, எத்தனை சாவி, சாட்சி யார். தலைவர் எழுதிவிட்டுச் சாட்சிக்கு ஆளைத் தேடினார். சவரிமுத்து நோட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். பேனாவையும் கொடுத்தார். என்மேல் கோபமாக இருந்தாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“நீங்களே போடுங்க சார். பாத்துட்டு போடுங்க.”

நின்றபடியே அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். தேதியைப் படித்தேன். பெயர்களைப் படித்தேன். சாவி இரண்டு என்று எழுதியிருந்தது. சவரிமுத்து கையிலிருந்து வளையத்தை வாங்கி எண்ணிப் பார்த்தேன். இரண்டு இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.